நாலாவது மாடிச் சங்கம்

லிஃப்ட் பழுது பார்க்கிறவர்களின் சங்கத்துக்கு அலுவலகம் இருந்தது நாலாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை. கீழே சாவிக்கடை வைத்திருந்தவர் தினமும் சலிக்காமல் கேட்பார்: "உங்க சங்கத்துக்கே ஒரு லிஃப்ட் போட முடியலை, நீங்க ஊருக்கெல்லாம் போய் ரிப்பேர் பாக்குறீங்களாக்கும்." செயலாளர் அவருக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டுப் படியேறுவார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று மூச்சு வாங்குவார். அது யாருக்கும் தெரியாது என்று அவருக்கு நினைப்பு.

அவருக்குப் பெயர் இல்லாமலா இருக்கும், இருந்தது. ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் ஒரே பதவியில் உட்கார்ந்திருந்தால் பதவியே பெயராகிவிடுகிறது. பால்காரர் முதல் பல் டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் செகரெட்டரிதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. மனைவி போய்விட்டாள். மகள் வேறு நாட்டில் கணவன் பிள்ளைகளோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டு, சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா என்று கேட்பாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச எதுவும் இருக்காது. அங்கே மழையா, இங்கே வெயில், என்று கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

ஆக, மிச்சம் இருந்தது சங்கம்தான். சாயங்காலமானால் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்புவார். அறையைத் திறந்து, ஜன்னலைத் தள்ளி, பெருக்கி, மேஜையைத் துடைத்து, பேப்பர் படிப்பார். முன்னாள் தலைவர்கள் சுவரில் வரிசையாக இருந்தார்கள். கேரம் பலகை ஒன்று மூலையில் சாய்ந்திருந்தது. யாரும் வரமாட்டார்கள். இருட்டுகிற நேரத்துக்கு ஜன்னலைச் சாத்திப் பூட்டிவிட்டு இறங்குவார். இதை வேலை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் இது இல்லாவிட்டால் அந்த மனிதர் வீட்டைவிட்டு வெளியே வர ஒரு காரணமும் கிடையாது.

அந்தக் காரணத்துக்குத்தான் ஆபத்து வந்தது. சங்கத்தின் தலைவர் அவருடைய மனைவியின் அண்ணன். வாய்த்துடுக்கு கொஞ்சம் கூடுதலான ஆள். பொதுக்கூட்டத்தில் அவர் சுற்றி வளைக்காமல் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"மாப்ளே, எண்ணிப் பாரு, நாம எட்டுப் பேரு. இதுல ரெண்டு பேருக்கு முழங்கால் மாத்தியாச்சு, ஒருத்தருக்கு மாத்தணும். இந்தப் படியை ஏறி வர்றதே பெரிய தீர்மானமா இருக்கு. அடுத்த கூட்டத்துக்குப் பத்துப் புது முகம் வரட்டும், சங்கம் இருக்கட்டும். வரலையா, மரியாதையா மூடிட்டு ரூமைத் திருப்பிக் கொடுத்துருவோம்."

"பசங்க வருவாங்க மச்சான்."

"வரட்டும்னுதானே நானும் சொல்றேன்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கு வீட்டில் பேரன் பேத்திகள் இருந்தார்கள். சங்கம் இருந்தாலும் மூடினாலும் அவர்களுக்குச் சாயங்காலம் கழியும். செயலாளருக்குத்தான் கழியாது.

அவர் சும்மா இருக்கவில்லை. லிஃப்ட் கம்பெனிகளின் வாசலில் கால்கடுக்க நின்றார். வேலைக்குக் கிளம்பும் பையன்களும் பெண்களும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு வண்டியில் பறந்தார்கள். யாராவது நின்றால், இவர் சங்கத்தின் வரலாற்றை ஆரம்பத்திலிருந்து தொடங்குவார். சிக்னல் விழுந்த மாதிரி அவர்கள் முகம் மாறிவிடும். "டீ, பிஸ்கட், கேரம் உண்டு" என்று ஒரு தட்டி எழுதித் தொங்கவிட்டார். அதைப் பார்த்துவிட்டு வந்தது எதிர்வீட்டுக்காரர் ஒருவர்தான். அவருக்கும் லிஃப்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கேரம் மட்டும் நன்றாக ஆடினார்.

கடைசியில் உதிரிபாகக் கடைக்காரர் இரக்கப்பட்டார். ஊரிலிருக்கும் இளவயது மெக்கானிக்குகள் எல்லோரும் அவரிடம்தான் சாமான் வாங்குவார்கள். அவர்களுக்காக அவர் வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் செயலாளரைச் சேர்த்துவிட்டு, "நீங்களே கூப்பிட்டுப் பாருங்க" என்றார். செயலாளர் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். பேரன்புமிக்க இளைய தோழர்களே என்று தொடங்கி, வரும் ஞாயிறு காலை, நாலாவது மாடி, அனைவரும் திரண்டு வருக என்று முடித்தார். அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்.

பதில்கள் வந்து விழுந்தன. ஒரு கட்டைவிரல். இன்னொன்று. அடுத்தடுத்து முப்பதுக்கு மேல் கட்டைவிரல்கள், எல்லாம் மேலே பார்த்தபடி.

இங்கேதான் மனிதர் ஏமாந்தார். வேறு தொழிலில் இருந்தவராக இருந்தால் ஏமாந்திருக்க மாட்டார். லிஃப்ட் ஓடும் அந்த நீளமான கிணற்றுக்குள் மோட்டார் இரைச்சலில் குரல் எடுபடாது. அதனால் கையால்தான் பேச்சு. கட்டைவிரலைக் கீழே காட்டினால் இறக்கு. மேலே காட்டினால் ஏற்று, நான் மேலே வருகிறேன். வாழ்நாள் முழுக்க அந்த விரலை நம்பி மனிதர்களை மேலே ஏற்றியவர் அவர். முப்பது பேர் மேலே வருகிறோம் என்று கை காட்டியிருக்கிறார்கள் என்று படித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. சாவிக்கடைக்காரரிடம் சொல்லி, கல்யாண வாடகைக் கடையிலிருந்து நாற்காலிகள் வரவழைத்தார். அவற்றை நாலு மாடி தூக்கிவந்த கூலியாட்கள் அவரைத் திட்டியது தனிக்கதை.

ஞாயிறு காலை அறை நிறைய நாற்காலி. ஈ காக்கை இல்லை. முழங்கால் மாற்றியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். டீ ஆறியது. தலைவர் சுற்றிலும் பார்த்தார்.

"யாரு மாப்ளே வர்றேன்னு சொன்னது?"

செயலாளர் போனை நீட்டினார். தலைவரும் அதே தொழில்காரர்தானே, அவரும் விரல்களைப் பார்த்துவிட்டு, "ஆமா, மேலதானே காட்டியிருக்கான்" என்று குழம்பினார். நேரம் போகப் போகப் பேச்சு குறைந்தது. பிறகு ஒவ்வொருவராகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். தலைவர் மட்டும் வாசலில் நின்று, "மாசக் கடைசியில ரூமை ஒப்படைச்சிரலாம்" என்றார். தங்கை புருஷனின் தோளைத் தட்டிக்கொடுக்கக் கையைத் தூக்கியவர், என்ன நினைத்தாரோ, தட்டாமலே போய்விட்டார்.

செயலாளர் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தபோது ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். தோளில் கருவிப் பை, கையில் ஹெல்மெட், முழங்கை வரை கிரீஸ்.

"கூட்டம் முடிஞ்சிருச்சா சார்?"

"இனிமேதான்மா. வா, உக்காரு." அவசரமாக ஒரு நாற்காலியை மறுபடி விரித்தார். "மத்தவங்க எல்லாம் வந்துட்டு இருக்காங்களா?"

அவளுக்குப் புரியவில்லை. அவர் போனைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"இதுக்கு வர்றோம்னு அர்த்தம் இல்ல சார். பாத்துட்டோம்னு அர்த்தம். அவ்வளவுதான்."

"பாத்துட்டா போதுமா?"

"தெனமும் நூறு மெசேஜ் வருது. எல்லாத்துக்கும் இதைத்தான் போடுவோம்."

அவர் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். அவளுக்கும் சங்கடமாகிவிட்டது. தன் கதையைத் தானே சொன்னாள். தொழிலில் அவளுக்குக் கதவு என்று பெயர். கதவு சிக்கிக்கொள்ளும் கோளாறு எதுவானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்துக் கட்டடத்தில் வேலை, முடிந்ததும் தட்டியைப் பார்த்து ஏறி வந்தாளாம். கூட்டத்துக்காக இல்லை. ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"முன்னாடி ஒரு லிஃப்டுக்கு ரெண்டு பேரு போவீங்களாமே. நெசமா?"

செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது சங்கம் வாங்கிக் கொடுத்த விதி. ஒருத்தர் கிணற்றுக்குள் வேலை செய்துகொண்டிருந்தபோது மேலே யாரோ தெரியாமல் லிஃப்டை ஓட்டிவிட்டார்கள். அந்த மனிதர் திரும்பி வரவில்லை. அந்தச் சாவுக்குப் பிறகு போராடி வாங்கினார்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் மேலே. உள்ளே போகிறவர் "ஆள் இருக்கு" என்று கத்த வேண்டும். மேலே இருப்பவர் "இருக்கு" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாதவரை உள்ளே கால் வைக்கக் கூடாது. வெளியே வந்ததும் அதே மாதிரி "ஆள் வெளியே". பிறகு கம்பெனிகள் வேலையைக் குத்தகைக்கு விட்டன, புதிதாக வந்தவர்கள் யாரும் சங்கத்தில் இல்லை, விதி காகிதத்தில் தங்கிவிட்டது.

"இப்ப எங்களை ஒத்த ஆளாத்தான் அனுப்புறாங்க" என்றாள் கதவு. "உள்ள போனா சாயங்காலம் வரைக்கும் ஒரு மனுசக் குரல் கிடையாது. அதான் நாங்களே ஒண்ணு பண்ணிக்கிட்டோம்."

அவள் தன் போனில் இன்னொரு குழுவைத் திறந்து காட்டினாள். உதிரிபாகக் கடைக் குழு இல்லை, அவர்களே வைத்துக்கொண்டது. வரிசையாக வந்திருந்தன: "ஆள் இருக்கு, ஆஸ்பத்திரி பின்பக்க லிஃப்ட்." அதற்குக் கீழே எங்கோ இருக்கும் இன்னொருவர்: "இருக்கு." பிறகு, "ஆள் வெளியே." சொல்லிவிட்டு உள்ளே போன ஆள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லையென்றால், பக்கத்தில் இருப்பவர் வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அதற்காக எல்லோருடைய வேலையிடம், வீட்டு விலாசம் எல்லாம் அதில் இருந்தன.

"இந்த வார்த்தையை யாரும்மா உங்களுக்குச் சொன்னது?"

"தெரியலை சார். எல்லாரும் சொல்வாங்க."

செயலாளர் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருமையாகத்தான் இருந்தது. சங்கத்தின் சொல் இவ்வளவு தூரம் நடந்து போயிருக்கிறது, சங்கத்தை விட்டுவிட்டு. இத்தனை நாளாக இந்தப் பிள்ளைகள் சங்கமாகத்தான் இருந்திருக்கிறார்கள். இவர் மட்டும் மாடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏம்மா, இதையே இங்க வந்து செஞ்சிருக்கலாமே."

"வா வான்னு கூப்பிட்டீங்க சார். வந்தா என்னன்னு சொல்லலையே." கோபமில்லாமல்தான் சொன்னாள். "எங்களுக்கு ஒரே கஷ்டம்தான். பகல்ல எல்லாரும் கெணத்துக்குள்ள இருப்போம், சிக்னல் இருக்காது. ஆள் இருக்குன்னு போட்டுட்டு, யாராவது இருக்குன்னு சொல்வாங்களான்னு காத்துக் கெடக்கணும். வெளிய இருக்குற ஆள் ஒருத்தர்கூட இல்ல."

"நான் வெளிய இருக்கேன்" என்றார் செயலாளர். "எனக்கு எந்த வேலையும் இல்லம்மா. ஒரு வேலையும் இல்ல."

கதவு அவரைப் பார்த்தாள். வீட்டு விலாசத்தை வாங்கிக் குழுவில் சேர்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையிலிருந்து மனிதர் போனும் கையுமானார். குளிக்கப் போனால் சோப்புப் பெட்டி பக்கத்தில் போன். "ஆள் இருக்கு" என்று வந்து விழுந்த உடனே "இருக்கு" என்று போடுவார். கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருப்பார். வெளியே வரத் தாமதமானவர்களைக் கூப்பிட்டு, "மறந்துட்டேன் சார்" என்கிற பதிலைக் கேட்டு, நன்றாகத் திட்டுவார். அவர்கள் திட்டை வாங்கிக்கொண்டார்கள். அதைத் தாண்டி அவரிடம் யாரும் எதுவும் பேசவில்லை. பிரேக், குழி, கேபிள் என்று விதவிதமான பட்டப்பெயர்கள், ஒரு முகம்கூடத் தெரியாது. செகரெட்டரி என்பதையும் பட்டப்பெயர் என்றே நினைத்து, "நீங்க எந்தக் கம்பெனி?" என்று ஒருவன் கேட்டான். ஓய்வு பெற்றவர் என்று எழுதினார். அதற்கு ஒரு கட்டைவிரல் வந்தது. சாயங்காலம் எல்லோரும் வெளியே வந்துவிட்டால் போன் அமைதியாகிவிடும். வீடு முன்னைவிட அமைதியாகத் தெரியும்.

மாசக் கடைசி நெருங்கியது. ஒரு நாள் துணிந்து குழுவில் எழுதினார். பேரன்புமிக்க எல்லாம் இல்லை, இரண்டே வரி. சங்கத்தை மூடப் போகிறோம், பத்துப் பேர் சேர்ந்தால் மூட வேண்டியதில்லை. எழுதிவிட்டுக் காத்திருந்தார். கட்டைவிரல்கள் வந்தன. இப்போது அவருக்கு அர்த்தம் தெரியும்.

ஒப்படைக்கிற அன்று மத்தியானம் தனியாகத்தான் போனார். தலைவர் டாக்டரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். படியேறுவதற்கு முன்னால், பழகிய கை, எதையும் நினைக்காமல் குழுவில் அடித்துவிட்டது: "ஆள் இருக்கு. நாலாவது மாடி, சங்கம்." யாரோ "இருக்கு" என்றார்கள். மேலே போய்த் தலைவர்களின் படங்களை இறக்கினார். கேரம் பலகையை எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுத்தார். பெருக்கினார், கடைசித் தரம் பெருக்குகிறவர் மாதிரி இல்லாமல் தினமும் பெருக்குகிறவர் மாதிரி. பூட்டிவிட்டு வெளியே வந்து நின்று, போனை எடுத்து "ஆள் வெளியே" என்று அடித்தார். அடித்ததைப் பார்த்தார். அனுப்ப மனசு வரவில்லை. அழித்துவிட்டு போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். இத்தனை பிள்ளைகளை மறக்காதே மறக்காதே என்று திட்டிய மனிதர், தெரிந்தே அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டார்.

கட்டடக்காரர் நாலு தெரு தள்ளிக் குடியிருந்தார். சாவியை அவரிடம் கொடுத்தார். அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தார். பஸ்கள் வந்தன, போயின. ஒன்றிலும் ஏற வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. இனிமேல் சாயங்காலங்களை என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தார், ஒன்றும் தோன்றவில்லை. தெருவிளக்குகள் எரிந்த பிறகுதான் எழுந்து நடந்தார்.

வீட்டு வாசல்படியில் ஒரு இளைஞன் உட்கார்ந்திருந்தான். பெரிய உடம்பு, சட்டையெல்லாம் எண்ணெய். அவரைக் கண்டதும் துள்ளி எழுந்தான்.

"செகரெட்டரிங்கிறது நீங்கதானே?"

"ஆமா. நீ யாருப்பா?"

"குழி." அவன் மூச்சிரைத்தான், கோபத்தில். "எங்க போனீங்க? உள்ள போறேன்னு போட்டுட்டு இப்படியா போனை அணைச்சு வைப்பாங்க? ஊரெல்லாம் தேடிட்டு இருக்கோம். எங்களை மட்டும் அந்தத் திட்டு திட்டுறீங்க."

எங்கே போனீர்கள் என்று ஒருவர் அவரைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. அவர் எங்கே போனாலும், வந்தாலும், வராமலே போனாலும், அது யாருக்கும் ஒரு கேள்வியாக இருந்ததில்லை. முன்பின் தெரியாத இந்தப் பையன் அதட்டுகிறான். அதட்ட அதட்ட, இன்னும் கொஞ்சம் அதட்டினால் தேவலை என்று இருந்தது.

"அங்க ரூமுக்குப் போனீங்களா?" என்றார் மெதுவாக.

"போகாம? வேலையை அப்படியே போட்டுட்டு எல்லாரும் ஓடினோம். நாலு மாடியும் ஒரே மூச்சுல. வெளிய பூட்டு, உள்ள சத்தமில்ல. நெஞ்சுவலி வந்து விழுந்து கெடக்கீங்கன்னே நெனச்சுட்டோம். அந்தக் கதவு பொண்ணு அழுதுருச்சு."

"எத்தனை பேர் வந்தீங்க?"

"யாரு எண்ணுனா? படி முழுக்க ஆளு. கடைசியா வந்தவன் மூணாவது மாடியிலேயே நின்னுட்டான், மேல எடமில்ல." அவன் அவரை உற்றுப் பார்த்தான். "ஏன் கேக்குறீங்க?"

செயலாளர் வாசல்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எத்தனை தரம் கூப்பிட்டும் வராதவர்கள் வந்திருக்கிறார்கள். காலியான அறைக்கு, நாற்காலி இல்லாத அறைக்கு, ஓடி வந்திருக்கிறார்கள். முகத்தை மறைக்க இடமில்லாமல் அப்படியே அழுதார். குழி பயந்துவிட்டான். என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணெய்க் கையை அவர் மேல் படாமல் பார்த்துக்கொண்டான்.

"அழாதீங்க சார். இன்னொரு விஷயம் இருக்கு. பூட்டை உடைச்சுட்டோம். பூட்டோட ரூம் கதவும் பேந்து வந்துருச்சு. நீங்க அப்பவே சாவி கொடுத்துட்டுப் போயிட்டீங்கன்னு கட்டடக்காரர் வந்து கத்திட்டு இருக்காரு, போலீசைக் கூப்பிடுவேங்குறாரு. எல்லாரும் அங்கதான் நிக்கிறாங்க. எங்களுக்கு அவர்கிட்ட எப்படிப் பேசுறதுன்னு தெரியலை. நீங்க வந்து பேசுங்க."

செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுச் சாவியைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு எழுந்தார்.

"வண்டி வச்சிருக்கியா?" என்றார்.